ட்ரெக்கிங் போல் வாங்குறப்ப லாக்கை பாருங்க
ட்ரெக்கிங் போல் (மலையேறுறப்ப ஊன்றிக்கிற குச்சி) வாங்குறப்ப கலர், வெயிட்டெல்லாம் அப்புறம், மொதல்ல குச்சியோட நீளத்தை நிறுத்தி வைக்கிற லாக்கை கடையிலயே போட்டு கைப்பிடி மேல உடம்பு பாரத்தை நல்லா அழுத்துங்க, கொஞ்சம் உள்ள போனாலும் வெச்சிட்டு வந்துருங்க. திருகுற லாக்ல உள்ள இருக்குற பிளாஸ்டிக் விரிஞ்சுதான் பிடிக்கும், மண்ணோ ஈரமோ உள்ள போச்சுன்னா வழுக்கும், அதுவும் எறங்குறப்பதான் காலை வாரும். வெளிய கிளிப் மாதிரி இருக்குற லாக் தளர்ந்தா கண்ணுக்கே தெரியும், ஸ்க்ரூவை டைட் பண்ணா முடிஞ்சுது. நீளம் மாத்துற மாதிரியே வாங்குங்க, சமதரையில முழங்கை 90 டிகிரி மடங்கணும், இறக்கத்துல 5-10 செ.மீ. கூட்டிக்கணும். நீளம் மாத்த முடியாத மடக்கு போலுக்கு இந்த அழுத்திப் பாக்குற டெஸ்ட் ஒத்து வராது. வருசத்துக்கு ஒரு தடவை வெள்ளியங்கிரி மட்டும்தான்னா போலே வேணாம், அடிவாரத்துல விக்கிற மூங்கில் குச்சி போதும்.