பேட்ச் போடும் முன் ஜாக்கெட் தண்ணீரைப் பாருங்கள்

பம்ப் ஓடுகிறது, பிரஷர் கேஜ் முள் 3-இல் நிற்கிறது என்பதற்காக, ரசாயன வினை நடக்கும் ரியாக்டரைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் உறைக்குள், அதாவது ஜாக்கெட்டுக்குள், தண்ணீர் போகிறது என்று நம்பிவிடாதீர்கள். ஒரு நைட் ஷிப்டில் நான் நம்பினேன். டெம்பரேச்சர் ஏறிக்கொண்டே போனது. தண்ணீர் லைனில் உள்ள வடிகட்டியை, அதாவது ஸ்ட்ரெய்னரை, கழற்றினால் பாசியும் சாக்கு நாருமாக அடைத்திருக்கிறது. கேஜ் அடைப்புக்கு முன்னால் இருந்ததால் நல்ல பிள்ளையாக 3 காட்டிக்கொண்டிருந்தது. ரியாக்டருக்குள் சரக்கை விடும் டோசிங் வால்வை மூடியதால் தப்பித்தோம்.

அப்புறம் பக்கெட் கணக்குக்கு வந்தேன். பேட்ச், அதாவது ஒரு தடவைச் சரக்கு, தொடங்கும் முன் ஜாக்கெட்டின் அவுட்லெட் தண்ணீரை 20 லிட்டர் பக்கெட்டில் பிடித்து, நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று லாக் புக்கில் எழுதுங்கள். நேற்று 15, இன்று 40 என்றால் பேட்ச் கிடையாது. மேனேஜர் கத்தினாலும் கிடையாது.

அடுத்தது, இரண்டாவது தண்ணீர். முதல் தண்ணீர் நின்றால் கைகொடுக்கும் மாற்று வழி. அது இல்லாத ஒரு இடத்தின் கதை இது. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலம் ஜாக்சன்வில்லில் டி2 லேபரட்டரீஸ் என்ற சிறிய ஆலை. பெட்ரோலில் கலக்கும் மாங்கனீசு ரசாயனம் ஒன்றைச் செய்தார்கள். 2007 டிசம்பர் 19 அன்று ஓடியது 175-ஆவது பேட்ச். குளிர்விக்க நகராட்சித் தண்ணீர் ஒன்றுதான், மாற்று வழி இல்லை. சுமார் 182 டிகிரி செல்சியஸில் தண்ணீரைத் திறப்பது அவர்கள் வழக்கம். 199-ஐத் தாண்டினால் உள்ளே இருந்த சோடியமும் கரைப்பானும் தனியாக வினைபுரியத் தொடங்கிவிடும். நடுவில் இருந்தது 17 டிகிரி. அன்று கூலிங் வேலை செய்யவில்லை. ரியாக்டர் வெடித்து 4 பேர் இறந்தார்கள், 32 பேர் காயமடைந்தார்கள்.

முதல் 10 பேட்ச்களிலேயே மூன்று முறை சூடு எதிர்பாராமல் எகிறியிருந்தது. 42-ஆவது பேட்சில் அளவை மூன்றில் ஒரு பங்கு கூட்டியும் விட்டார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். பாத்திரம் பெரிதாகப் பெரிதாகச் சூடு கொள்ளளவோடு கூடும். குளிர்விக்கும் சுவர்ப்பரப்பு அந்த அளவுக்குக் கூடாது. லேப் ஃப்ளாஸ்க்கில் சாதுவாக இருந்த வினை ரியாக்டரில் அப்படி இருக்காது.

ஆகவே மேல்தொட்டியிலிருந்து தானாக இறங்கும் ஒரு லைனும், டீசல் பம்ப் ஒன்றும் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒரு நாள், ரியாக்டர் காலியாக இருக்கும்போது, மெயின் பிரேக்கரை இறக்கி கரண்டை நிறுத்திவிட்டு அவை வேலை செய்கின்றனவா என்று பாருங்கள்.

எல்லாச் சரக்கையும் ஒரேயடியாகக் கொட்டி மூடும் முறையாக இருந்தால், கொஞ்சம் கொஞ்சமாக விடும் முறைக்கு மாற்ற முடியுமா என்று கெமிஸ்டிடம் கேளுங்கள். டி2-இல் அந்தக் கட்டத்துக்கான சரக்கு முழுவதும் முன்பே உள்ளே இருந்தது, நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. சூடு ஏறினால் முதலில் ஃபீடை நிறுத்துங்கள். ஸ்டிரரை மட்டும் நிறுத்தாதீர்கள். கலக்காத சரக்கு அடியில் தேங்கி, பிறகு மொத்தமாகக் கிளம்பும்.

ரப்சர் டிஸ்க், அதாவது அழுத்தம் மிஞ்சினால் உடைந்து வெளியே விடும் தகடு, எவ்வளவு அழுத்தத்தில் உடையும் என்றும் கேளுங்கள். டி2-இல் அது 400 பிஎஸ்ஐயில்தான் உடையும். அவ்வளவு அழுத்தம் வரும்போது வினை கைமீறிப் போயிருந்தது.

கடைசியாக, எந்த டிகிரியில் எல்லோரும் ஓட வேண்டும் என்று பகலில், நிதானமாக இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். ஜாக்சன்வில்லில் கூலிங் பிரச்சினை என்று முதலாளிகளை அழைத்ததற்கும் வெடித்ததற்கும் இடையே 10 நிமிடம்தான். தீப்பிடிக்கும் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்தார்கள். எங்கள் ஆலையில் ஓட வேண்டிய டிகிரியை டெம்பரேச்சர் இண்டிகேட்டருக்கு மேலேயே சிவப்புப் பெயின்டில் எழுதினேன். ஆடிட்டுக்கு வந்தவர் அசிங்கமாக இருக்கிறது, அழியுங்கள் என்றார். சரி சார் என்றேன். நான் ரிட்டயர் ஆகும்வரை அது அங்கேயே இருந்தது.