ஏர் ரைஃபிளில் ஸ்கோப்: டரெட்டைத் தொடுமுன் நடக்கும் தவறுகள்

இந்தியாவில் உரிமம் இல்லாமல் வாங்கக்கூடிய 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள்களில் பல, குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. ஜீரோ (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைத் திருத்தி வைப்பது) நிற்கவில்லை என்றால் எல்லாரும் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் டரெட்டை, அதாவது குறியை நகர்த்தும் திருகைத்தான் திருகுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்குக் கீழே, ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடித்திருக்கும் மவுண்டிலோ மரக்கட்டையிலோ இருக்கும்.

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. வெடிமருந்துத் துப்பாக்கியின் உதையையே தாங்கும் ஸ்கோப்புக்கு இது எம்மாத்திரம் என்று நினைத்து வாங்குவார்கள். அந்தத் துப்பாக்கி பின்னால் மட்டும்தான் உதைக்கும். ஸ்பிரிங் ரைஃபிளோ பிஸ்டன் பாயும்போது பின்னுக்கும், பிஸ்டன் சிலிண்டர் முனைக்குப் போய் நிற்கும்போது முன்னுக்கும் வெட்டும். முன்வெட்டுக்காகச் செய்யப்படாத ஸ்கோப்பில் குறுக்குக்கோடு உடையும், லென்ஸ் கழலும். பாரலாக்ஸும் இடிக்கும். 100 கஜத்துக்குப் பாரலாக்ஸை நிலையாக வைத்த ஸ்கோப் 10, 20 மீட்டரில் மங்கலாகத் தெரிவதோடு, கண் சற்று நகர்ந்தாலே குறியும் நகரும். 10 கஜம் வரை ஃபோகஸ் இறங்கும் ஸ்கோப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

அதே முன்வெட்டுதான் மவுண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளுகிறது. ரைஃபிளின் மேலுள்ள 11 மி.மீ. டவ்டெயில் தடத்தில் ஸ்க்ரூவின் பிடியை மட்டும் நம்பக்கூடாது. தடுப்பு ஊசி உள்ள ஒற்றைத் துண்டு மவுண்டே நல்லது. ஊசியை ரைஃபிளின் மேல்பக்கத் துளையில் இறக்கி, மவுண்டைப் பின்னுக்கு இழுத்து, ஊசி துளையின் பின்சுவரைத் தொட்ட பிறகு முடுக்குங்கள். ஊசி நீளமாக இருந்து துளையின் அடியில் முட்டினால் மவுண்ட் டவ்டெயிலில் சரியாக உட்காராது. பலர் கவனிக்காத இடம் இது. டவ்டெயிலிலோ, ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கின் உட்புறத்திலோ எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது.

ரிங் மூடியின் ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஸ்கோப் சுழன்று குறுக்குக்கோடு சாயும். குறுக்காக மாற்றி மாற்றி, கால் சுற்றாக முடுக்குங்கள். இருபுறமும் இடைவெளி சமமாக இருக்கட்டும். மூடி ஸ்க்ரூவுக்கு 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் பொதுவாகப் போதும். அதற்கு மேல் போனால் ஸ்கோப் குழாய் நசுங்கும், அலுமினியம்தானே. இந்த வேலை முழுவதும் ரைஃபிளில் குண்டு இல்லாமல், ஸ்பிரிங் ஏற்றாமல்.

ஜீரோவை 10 மீட்டரில் தொடங்கி, குண்டு அட்டையில் விழுவது உறுதியானதும் 25 மீட்டருக்குப் போகலாம். ஒரு குண்டைப் பார்த்து டரெட்டைத் திருகவே கூடாது. ஐந்து சுட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவை அளந்து திருத்துங்கள். 1/4 எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஸ்கோப்பில் டரெட்டின் ஒரு கிளிக் 100 கஜத்தில் சுமார் 7 மி.மீ.; 25 மீட்டரில் 1.8, 10 மீட்டரில் 0.7 மட்டுமே. எனவே 25 மீட்டரில் 36 மி.மீ. கீழே விழுந்தால் 20 கிளிக் மேலே. நாலைந்து கிளிக் திருகிவிட்டு ஸ்கோப் வேலை செய்யவில்லை என்பவர்கள் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்.

மேல் டரெட் கடைசி எல்லை வரை போயும் குண்டு கீழேயே விழுந்தால் குழல் சற்றுக் கீழ்நோக்கி இருக்கிறது. மடக்கும் வகையில் இது சகஜம். எல்லையில் விட்டால் ஸ்கோப்பின் உள் ஸ்பிரிங் தளர்ந்து ஜீரோ அலையும். டரெட்டை நடுவுக்குக் கொண்டுவந்து, பின் பக்கம் உயர்ந்த சரிவு மவுண்ட் போடுவதே சரியான வழி.

குண்டுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து விழுந்தால் முதலில் மரக்கட்டையின் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். இந்த ரைஃபிள்களில் அடிக்கடி தளர்பவை அவைதான். பிறகு மவுண்ட், பிறகு உங்கள் பிடி. முன்கட்டையை மேசையிலோ கடினமான தாங்கியிலோ நேராக வைத்தால் குண்டு விழும் இடமே மாறும். இறுக்காமல், திறந்த உள்ளங்கையில், எப்போதும் ஒரே இடத்தில் தாங்கவேண்டும். புது ரைஃபிள் என்றால் உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து வேகம் தாறுமாறாக இருக்கும். புகை அடங்கும் வரை ஜீரோ வைப்பது வீண்வேலை. பெல்லட் (குண்டு) வகையை மாற்றினால் ஜீரோவையும் மறுபடி பார்க்கவேண்டும்.