ஏடிஎம்மில் சரி, கடையில் தவறு: பிரான்ஸில் அடம்பிடித்த சிப் கார்டு

பாரிஸில் கடை, மெட்ரோ டிக்கெட் இயந்திரம் என்று எங்கே என் கிரெடிட் கார்டைச் செருகினாலும் 'பின் (PIN, ரகசிய எண்) தவறு' என்றே வந்தது. கிளம்பும் முன் வங்கி ஆப்பில் மாற்றிய அதே பின்தான். செருகாமல் கார்டை இயந்திரத்தில் தட்டிப் பணம் செலுத்தினால் மட்டும் சிறு தொகைகள் போயின.

முதலில் வெளிநாட்டுப் பயன்பாட்டு அனுமதியைப் பார்த்தேன். 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி அதை நாமே திறக்க வேண்டும், திறந்துதான் இருந்தது. செலவு வரம்பும் போதுமானது. வாடிக்கையாளர் சேவையில் பின்னை மறுபடி மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன், பலனில்லை. அப்புறம் சிப்பே பின்னைப் பூட்டிவிட்டது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். மறுக்கப்பட்ட எதற்கும் வங்கியிடமிருந்து எஸ்எம்எஸ் வரவில்லை. அதாவது கோரிக்கை வங்கிக்கே போகவில்லை! பிரான்ஸில் பல இயந்திரங்கள் பின்னைச் சிப்புக்குள் இருக்கும் பதிவோடுதான் ஒப்பிடுகின்றன. ஆப்பில் மாற்றியது வங்கியின் சர்வரில் மட்டும்; சிப்பில் பழைய பின்தான்.

இதைச் சொல்லிக் கேட்டதும் வங்கியின் மேல்நிலை அதிகாரி ஒருவர் வழி சொன்னார்: ஏடிஎம்மில் கார்டைச் செருகிக் குறைந்த தொகை எடுக்க வேண்டும். ஏடிஎம் பின்னை வங்கியிடம் சரிபார்க்கும். பதிலோடு வரும் கட்டளை சிப்பைத் திறந்து புதிய பின்னை எழுதும். 20 யூரோ எடுத்தேன். கிரெடிட் கார்டில் பணம் எடுத்ததற்குக் கட்டணமும் வட்டியும் உண்டு, ஆனாலும் நிம்மதி. அடுத்த கடையிலேயே பின் ஏற்கப்பட்டது.

எல்லா வங்கியும் இந்தக் கட்டளையை அனுப்புவதில்லை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தட்டுவதால் சிப்பில் பின் மாறாது, செருகத்தான் வேண்டும்.