ஒரு வழக்கைப் பற்றிப் பதிவு போடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்? புதியவர்களுக்கான செய்முறை

‘நீதிபதிகள் சரமாரி கேள்வி’, ‘உயர் நீதிமன்றம் காட்டம்’, ‘அரசுக்குச் சாட்டையடி’. இந்த மூன்றில் ஒன்று காலையில் கண்ணில் பட்டால் போதும், மதியத்துக்குள் நம் ஆட்களில் பாதிப் பேர் தீர்ப்பே எழுதி முடித்துவிடுகிறார்கள். தாராளமாக எழுதட்டும். நீதிமன்றத்தைப் பற்றிப் பேசும் உரிமை வக்கீல்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்தது இல்லை. ஆனால் நாம் எதை வைத்துக் கோபப்படுகிறோம், அது உத்தரவா, பேச்சா, பாதி வழியில் வந்த ஒரு தடையா என்று தெரிந்துகொண்டு கோபப்பட்டால் அந்தக் கோபத்துக்கு மரியாதை இருக்கும். இதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு போனும் சுமாரான ஆங்கிலமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் சரி.

படி 1: வாயால் சொன்னதா, எழுதிக் கையெழுத்திட்டதா?

எல்லாவற்றுக்கும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். விசாரணையின்போது நீதிபதிகள் வக்கீலை மடக்குவார்கள், கிண்டலடிப்பார்கள், வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் நின்று கேள்வி கேட்பார்கள். மறுநாள் எழுதும் உத்தரவு அதற்கு நேர்மாறாக வருவதும் உண்டு.

2021 ஏப்ரல் 26 ஞாபகம் இருக்கிறதா? கொரோனா இரண்டாம் அலை, தேர்தல் கூட்டங்கள் முடிந்து வாக்கு எண்ணிக்கைக்குக் காத்திருந்த நேரம். கரூர் தொகுதியில் 77 வேட்பாளர்கள் போட்டியிட்டதால், எண்ணும் இடத்தில் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்று அப்போதைய அமைச்சர் எம்.ஆர்.விஜயபாஸ்கர் போட்ட மனு சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு, அதன் அதிகாரிகள் மீது கொலை வழக்கே போடலாம் என்கிற தொனியில் நீதிபதிகள் பேசிய பேச்சு நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியானது. அன்றைய எழுத்துப்பூர்வமான உத்தரவைப் புரட்டினால் அந்தப் பேச்சு அதில் இல்லை. பேச்சை நீக்க வேண்டும், வாய்மொழிக் கருத்துகளை ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று தேர்தல் ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மே 6 அன்று அங்கே என்ன சொன்னார்கள் என்றால், வார்த்தைகள் கடுமையானவைதான், ஆனால் வாய்மொழியாகச் சொன்னது நீதிமன்றப் பதிவிலேயே இல்லை, இல்லாததை நீக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை; அதே சமயம் விசாரணையில் நடப்பதைச் செய்தியாக்க ஊடகங்களுக்கு உரிமை உண்டு.

ஆக, நீதிபதி பேசியதைப் பற்றி நாமும் எழுதலாம், தப்பில்லை. ‘விசாரணையின்போது சொன்னார்’ என்று எழுத வேண்டும். ‘நீதிமன்றம் உத்தரவிட்டது’ என்று எழுதினால் அது பொய்.

படி 2: வழக்கைத் தேடிப் பிடியுங்கள்

நம் பத்திரிகைகள் வழக்கு எண்ணை ஏனோ பெரும்பாலும் போடுவதே இல்லை. பரவாயில்லை. மாவட்ட நீதிமன்ற வழக்கு என்றால் ‘இ-கோர்ட்ஸ்’ இணையதளம் அல்லது அதே பெயரில் உள்ள செயலிக்குப் போங்கள். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் மூன்றையும் தேர்ந்தெடுத்துவிட்டு வழக்கில் உள்ள ஒருவரின் பெயர், ஆண்டு போட்டுத் தேடலாம். எஃப்.ஐ.ஆர். எண் தெரிந்தால் காவல் நிலையத்தை வைத்தும் தேடலாம். பெயரை முழுதாக அடிக்காதீர்கள். முருகேசனை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள், முதல் நாலைந்து எழுத்து போதும். ‘நிலுவை’, ‘முடிந்தவை’ இரண்டையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முடிந்துபோன வழக்கு வராது.

கிடைத்ததும் சி.என்.ஆர். என்கிற 16 இலக்க அடையாளத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை அது ஒன்றே போதும். அந்தப் பக்கத்திலேயே கீழே, எந்தெந்தத் தேதியில் எதற்காக வாய்தா போட்டார்கள் என்ற பட்டியல் இருக்கும். என்னைக் கேட்டால் தீர்ப்பை விட இந்தப் பட்டியல்தான் நம் நீதித்துறையைப் பற்றி அதிகம் சொல்கிறது.

சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் தனி இணையதளம் உண்டு. வழக்கு எண்ணில் ‘எம்.டி.’ என்று அடைப்புக்குறிக்குள் இருந்தால் அது மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன, சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஆனால் அதிகாரபூர்வமானது ஆங்கிலம்தான், சந்தேகம் வந்தால் அதைத் திறந்து பாருங்கள்.

படி 3: கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

80 பக்கத் தீர்ப்பைப் பார்த்து மிரள வேண்டாம். முதல் பக்கத்தில் மூன்று விஷயம் பாருங்கள்: யார் மனுதாரர், யார் எதிர்மனுதாரர், மனுவில் கேட்டது என்ன. பிறகு நேராகக் கடைசிக்குத் தாவுங்கள். மனு ஏற்கப்பட்டதா, தள்ளுபடியா, இல்லை ‘முடித்துவைக்கப்பட்டதா’ என்று இரண்டு வரியில் இருக்கும். இந்த மூன்றாவதுதான் பலரையும் ஏமாற்றுவது. ‘மனுதாரரின் கோரிக்கையை அதிகாரி 12 வாரத்தில் பரிசீலிக்க வேண்டும்’ என்று சொல்லி மனுவை முடித்துவைத்திருப்பார்கள், வெளியே ‘நீதிமன்றம் அதிரடி, பொதுமக்களுக்கு வெற்றி’ என்று போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். பரிசீலித்துவிட்டு முடியாது என்று சொன்னாலும் உத்தரவை நிறைவேற்றியதாகத்தான் கணக்கு.

அப்புறம் நடுப்பக்கங்கள். அங்கே முதலில் வருவது மனுதாரர் தரப்பு வாதம், அடுத்து எதிர்த்தரப்பு வாதம், அதற்குப் பிறகுதான் நீதிபதியின் கருத்து. மனுதாரரின் வக்கீல் சொன்ன பத்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ‘நீதிபதியே சொல்லிட்டார்’ என்று சுற்றுக்கு விடுவது தினமும் நடக்கிறது. பத்தி எப்படித் தொடங்குகிறது, யார் வாயால் பேசுகிறது என்று பார்க்காமல் எதையும் பகிராதீர்கள். தமிழில் எழுதப்பட்ட விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு கிடைத்தால் ‘அ.சா.1’, ‘அ.சா.2’ என்று வரும், அவை அரசுத் தரப்புச் சாட்சிகள். ஒரு கொலை வழக்கில் எல்லாரும் விடுதலை என்றால் இந்தச் சாட்சிகளைத் தொடர்ந்து போங்கள். நேரில் பார்த்தவர்கள் எல்லாம் பிறழ்சாட்சி ஆகியிருந்தால், அதாவது போலீசிடம் சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லியிருந்தால், கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் நீதிபதி மட்டும் இல்லை.

படி 4: எந்தக் கட்டம் என்று பாருங்கள்

ஜாமீன் என்றால் விடுதலை இல்லை, இது பலருக்கும் தெரியும். ஆனால் குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், பிணை கட்டத் தயாராக இருக்கும் கைதிக்கு ஜாமீன் உரிமையாகவே கிடைத்துவிடும் என்பது அவ்வளவாகத் தெரியாது. அந்த ஜாமீனுக்கு நீதிபதியைத் திட்டுவது வீண், தாமதித்தவர்களைக் கேளுங்கள்.

தடையிலும் வகை உண்டு. 2023 டிசம்பரில் சொத்துக் குவிப்பு வழக்கில் அப்போதைய அமைச்சர் பொன்முடிக்கு உயர் நீதிமன்றம் 3 ஆண்டு தண்டனை விதித்ததும் அவர் பதவி போனது. தண்டனையை மட்டும் நிறுத்திவைத்தால் சிறைக்குப் போகாமல் இருக்கலாமே தவிர பதவி திரும்பாது. குற்றவாளி என்ற முடிவையே நிறுத்திவைக்க வேண்டும். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைச் செய்த பிறகுதான் மறுபடி அமைச்சரானார். அன்று ‘நிரபராதி’ என்று கொண்டாடியவர்களும் உண்டு, மேல்முறையீடோ அப்போது முடியவே இல்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் 2022 மே 18 அன்று விடுவிக்கப்பட்டதும் இப்படித்தான். முழுமையான நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அதிகாரம் தரும் அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவின் கீழ் விடுவித்தார்கள், அவர் குற்றம் செய்யவில்லை என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. விடுவித்தது சரி என்று வாதாடலாம், தவறு என்றும் வாதாடலாம், இரண்டுக்கும் அந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

படி 5: எழுதவே கூடாதவை

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயர், படம், அடையாளம் காட்டும் எந்தத் தகவலும் கூடாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. பெயரைப் போடாமல் ஊர், பள்ளி, அப்பாவின் வேலை மூன்றையும் போட்டாலும் அதே குற்றம்தான். இறந்தவருக்கும் இது பொருந்தும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024இல் கொல்கத்தா மருத்துவர் கொலையில் நியாயம் கேட்டவர்களே பெயரை ஹேஷ்டேக் ஆக்கினார்கள், அதையும் படங்களையும் நீக்கச் சொல்லி உத்தரவு வந்தது. குழந்தைகள் விஷயத்தில், அவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டமும் சேர்ந்துகொள்ளும், குற்றம் சாட்டப்பட்ட சிறுவனின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது.

அடுத்து நீதிமன்ற அவமதிப்பு. இதைச் சொல்லி மிரட்டுகிற அளவுக்குச் சட்டம் இல்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, விசாரித்து முடிவான வழக்கைப் பற்றி நியாயமாக விமர்சிப்பது குற்றமில்லை என்றே சொல்கிறது. 2006 திருத்தத்துக்குப் பிறகு, பொதுநலனுக்காகச் சொன்ன உண்மையையும் தற்காப்பாக ஏற்கலாம். ‘இந்தத் தீர்ப்பின் காரணம் சரியில்லை, சாட்சியை நீதிபதி கவனிக்கவில்லை’ என்று எழுதலாம். ‘காசு வாங்கிவிட்டார்’ என்றால் கையில் ஆதாரம் வேண்டும். அதிகபட்சத் தண்டனை 6 மாதமும் 2,000 ரூபாயும். 2020இல் இரண்டு ட்வீட்டுகளுக்காக வக்கீல் பிரசாந்த் பூஷணுக்குக் கிடைத்தது 1 ரூபாய் அபராதம். கட்டாவிட்டால் 3 மாதச் சிறை, உச்ச நீதிமன்றத்தில் வாதாட 3 ஆண்டு தடை என்பதும் சேர்ந்தே இருந்தது.

படி 6: இப்போது எழுதுங்கள்

முதல் வரியில் எந்த நீதிமன்றம், எந்தத் தேதி, இடைக்கால உத்தரவா இறுதித் தீர்ப்பா என்று போடுங்கள். அடுத்து நீதிபதி சொன்ன காரணத்தை உங்கள் வார்த்தையில் நேர்மையாகச் சொல்லுங்கள், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும். அதற்கப்புறம் எவ்வளவு காரமாக வேண்டுமானாலும் மறுக்கலாம். பத்தி எண் கொடுங்கள். மேல்முறையீட்டில் மாறிவிட்டால் பழைய பதிவின் தலையிலேயே அதைச் சேருங்கள், புதிதாக ஒன்று எழுதினால் பழையதுதான் தனியாகச் சுற்றும். கமெண்டில் யாராவது பாதிக்கப்பட்டவரின் பெயரைப் போட்டால் வாதம் செய்துகொண்டிருக்காமல் உடனே நீக்கிவிடுங்கள்.