பாலைநில கிரானைட்டில் 15 மீற்றர்: உதிரும் பாறையில் ஸ்போர்ட் கிளைம்பிங்

கொழும்பில் உள்ளரங்குச் சுவரில் லீட் (கயிற்றைத் தாமே மாட்டிக்கொண்டே மேலே போவது) ஏறிப் பழகியவர்கள் பாலைநில கிரானைட்டுக்குப் போனால் முதலில் பார்ப்பது தரத்தையும் உயரத்தையும்தான். 15 மீற்றர், கயிற்றை மாட்டப் பாறையில் பதித்த ஆறு போல்ட், கடினத்துக்கான பிரெஞ்சுத் தரம் 5சி. இவ்வளவுதானே என்று தோன்றும். சுவரில் திருகிய பிசின் பிடியை எந்தப் பக்கம் இழுத்தாலும் அது கழன்று வராது. உதிரும் பாறையில் அப்படியில்லை. நீங்கள் இழுக்கும் திசையைப் பொறுத்துத்தான் பிடி நிற்கும், அல்லது கையோடு வரும்.

கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ ஆகட்டும், நமீபியாவின் ஸ்பிட்ஸ்கொப்பே ஆகட்டும், கிரானைட்டின் உட்பகுதி நல்ல உறுதி. வம்பு செய்வது மேற்பரப்பு. பகல் வெயில், இரவுக் குளிர், விரிசலுக்குள் சேரும் ஈரம், உப்பு எல்லாமாகச் சேர்ந்து அதை வெங்காயத் தோல் போல ஏடேடாகப் பிரித்துவிடும். கிரானைட்டிலுள்ள பெல்ட்ஸ்பார் கனிம மணிகள் சிதைந்துபோக, அவற்றோடு ஒட்டியிருந்த குவார்ட்ஸ் மணிகளும் பருமணலாகக் கொட்டும். ஆகவே கைக்கு ஆபத்து பிரிந்து நிற்கும் ஏடு. காலுக்கு ஆபத்து சப்பாத்தின் கீழ் உருளும் மணி.

எந்தப் பக்கச் சுவரில் எப்போது ஏறுவது என்பதை முன்கூட்டியே கதைத்துக்கொள்ளுங்கள். ஜோஷுவா ட்ரீயில் குளிர்காலத்தில் வடக்குப் பக்கம் நிழல். ஸ்பிட்ஸ்கொப்பே பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே தெற்குப் பக்கம். வெயில் காய்ந்த பாறையில் சப்பாத்து ரப்பர் இளகிச் சறுக்கும், அதனால் அதிகாலையே நல்லது. கொழும்பு வியர்வைக்குப் பழகியவர்கள் கையை அடிக்கடி சோக்குத் தூள் பைக்குள் விடுவார்கள். வறண்ட காற்றில் அதைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் நுனி வெடிக்கும். டேப்பும் கொஞ்சம் தோல் கிரீமும் பையில் இருக்கட்டும்.

15 மீற்றருக்கு 40 மீற்றர் கயிறு போதும்; 60 இருந்தால் யோசிக்கவே தேவையில்லை. தடிப்பு 9.5 முதல் 10 மில்லிமீற்றர். மெல்லிய கயிறு கூரான ஏட்டு விளிம்பில் சீக்கிரம் சிராயும். குயிக்ட்ரோ (இரு முனையிலும் கரபினர் கொக்கி உள்ள பட்டி) பத்து: போல்ட்டுக்கு ஆறு, ஆங்கருக்கு (உச்சியில் கயிற்றைத் தாங்கும் நிலையான பிடிமானம்) இரண்டு, மேலதிகமாக இரண்டு. கயிற்றை மணலில் போடாதீர்கள், விரிப்பு கட்டாயம். கயிற்றின் வெளி உறைக்குள் புகுந்த மணல் கயிற்றையும் தின்னும், கயிறு ஓடும் அலுமினியக் கரபினரையும் அறுக்கும். ஹெல்மெட் ஏறுபவருக்கு மட்டுமல்ல. கீழே நிற்பவருக்குத்தான் முதலில் வேண்டும்.

ஸ்டிக் கிளிப் (கீழே நின்றபடியே போல்ட்டில் கயிற்றை மாட்டும் நீளக் கோல்) கொண்டுபோவது கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் இந்த வகைப் பாறையில் கொஞ்சம் அடங்கிப் போகலாம். அடிப்பகுதியில் பிடி உடைந்தால் விழுவது நேரே தரையில். முதல் போல்ட்டைக் கீழிருந்தே மாட்டுங்கள். கோல் எட்டினால் இரண்டாவதையும். புறக்கோட்டை ஹார்ட்வெயார் கடைகளில் விற்கும் பெயின்ட் ரோலர் நீட்டுக்கோலையும் பயன்படுத்தலாம், ஆனால் கிளிப் தலையின் மரை அதில் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி ஏடுகளைச் சோதிப்பது. இதை அவசரமில்லாமல் பழக வேண்டும். முதலில் கண்: ஏட்டின் ஓரத்தில் வெளிறிய புது நிறம் தெரிகிறதா, அடியில் புதுத் துகள் கிடக்கிறதா, பின்னால் விரிசல் சுற்றிவர ஓடுகிறதா. மூன்று பக்கமும் விரிசல் இருந்தால் அதை நம்ப வேண்டாம். பிறகு காது: உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டுங்கள். இறுகிய கல் ‘டக்’ என்று செத்த ஒலி தரும். பிரிந்த ஏடு வெறும் பெட்டியைப் போல் ஒலிக்கும். ஒரு கையால் தட்டும்போது மற்றக் கையை அதே ஏட்டில் மெதுவாக வைத்தால் அதிர்வு தெரியும். ஒலி நன்றாக இருந்தாலும் அதிர்வு இருந்தால் சந்தேகப்படுங்கள். தட்டும் நேரம் உங்கள் எடை கால்களிலும் வேறு பிடியிலும் இருக்க வேண்டும், சோதிக்கும் பிடியிலேயே தொங்கக் கூடாது.

வேறு வழியில்லாமல் அதைத்தான் பிடிக்க வேண்டுமென்றால் கீழ்நோக்கி, பாறைக்குள் அழுத்துவதுபோல் பிடியுங்கள். வெளிப்பக்கம் இழுத்தால் ஏடு கதவாகத் திறக்கும். பக்கவாட்டில் சாய்ந்து இழுக்கும் அழகான அசைவு இங்கே வேண்டாம். கால் வைக்குமுன் சப்பாத்து நுனியால் மணலைத் தள்ளிவிடுங்கள், கீழே யாரும் நேராக இல்லை என்று பார்த்துக்கொண்டு. ஒரு கை அல்லது ஒரு கால் மட்டுமே ஒரு நேரத்தில் நகரட்டும். போல்ட் உங்கள் இடுப்பு உயரத்துக்கு வந்தபின் கயிற்றை மாட்டுவது நல்லது. தலைக்கு மேலே எட்டி மாட்டும்போது கையில் இழுத்த தளர்வான கயிறு முழுவதும் விழுந்தால் கூடுதல் தூரமாகும். இரண்டாவது, மூன்றாவது போல்ட்டில் அந்தத் தூரம் தரையைத் தொடப் போதும். மாட்டுமுன் ஹேங்கரை (போல்ட்டில் பொருத்திய ஓட்டையுள்ள தகடு) விரலால் அசைத்துப் பாருங்கள். சுற்றினால் நட் தளர்ந்திருக்கிறது. போல்ட்டே ஆடினாலோ, சுற்றியுள்ள கல் குழிந்து உதிர்ந்திருந்தாலோ அதில் விழ நினைக்காதீர்கள். கீழுள்ள நல்ல போல்ட்டிலிருந்து இறங்குங்கள்.

பிலே செய்பவர், அதாவது கீழே நின்று கயிற்றைப் பிடித்து ஏறுபவரைக் காப்பவர், நிழலைத் தேடிச் சுவரின் அடியில் உட்காருவது பெரிய தவறு. 12 மீற்றரிலிருந்து விழும் கல் கீழே வர ஒன்றரை விநாடிதான் எடுக்கும், அப்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 55 கிலோமீற்றர். கல் விழும் நேர்கோட்டுக்குப் பக்கவாட்டில், சுவரிலிருந்து ஒரு மீற்றர் அளவில் நில்லுங்கள். சுவரை விட்டுப் பின்னால் தள்ளி நின்றால் கல்லுக்குத் தப்பலாம், ஆனால் ஏறுபவர் விழும்போது சுவரை நோக்கி இழுபடுவீர்கள், அந்த இழுவை தூரத்தில் கயிறும் தளரும். தானாக இறுகும் பிலே கருவியே இங்கு பொருத்தம், பிலே செய்பவர் தலையில் கல் பட்டால் அது பிடிக்க வாய்ப்பு அதிகம். அதற்காகப் பிரேக் கையை எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. ‘கல்!’ என்று சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்கக் கூடாது. சுவரோடு ஒட்டி, தோளைக் குறுக்கிக்கொள்ளுங்கள். மற்ற நாட்டவர் பக்கத்தில் இருந்தால் ‘றொக்!’ என்றே கத்துங்கள்.

ஆங்கருக்குப் பக்கத்துத் தட்டில் சரளை குவிந்திருக்கும், அதில் கயிறு உரசாதபடி குயிக்ட்ரோவை நீட்டி மாட்டுங்கள். எல்லோரும் ஏறி முடியும்வரை கயிறு உங்கள் கரபினர்களில் ஓடட்டும், மணல் பிடித்த கயிறு ஆங்கரின் நிலையான வளையங்களைத் தேய்த்துவிடும். கடைசியாக ஏறுபவர் மட்டும் கயிற்றை வளையங்களுக்கு மாற்றி இறங்கலாம். கயிற்றை உருவும்போது முதலில் முடிச்சுகளை அவிழ்த்து, எல்லோரையும் விலக்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமல், மெதுவாக இழுங்கள். வால் முனை விழும்போது தட்டிலுள்ள கற்களையும் கூட்டிக்கொண்டு வரும்.

அன்றிரவே கயிறு முழுவதையும் விரல்களுக்கிடையே ஓடவிட்டுத் தடவுங்கள். மெத்தென்று மடியும் இடம், உறை பிய்ந்த இடம் இருந்தால் அதற்கு மேல் பயன்படுத்தாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் வெறும் தண்ணீரில் அலசி, நிழலில், காற்றாடியின் கீழ் விரித்துப் போடுங்கள். கொழும்பின் ஈரத்தில் முழுதாகக் காயச் சில நாள் எடுக்கும், அதற்குள் பைக்குள் சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.