வன்னியில் உளநல வேலைக்குப் போகிறவர்கள் விடும் பிழைகள்

நான் விட்ட முதல் பிழை ஒரு படிவத்தில் தொடங்கியது. இரணைமடுவுக்குக் கிழக்கே ஒரு கிராமம், தகரக் கூரை வீடு, முற்றத்தில் ஒரு முருங்கை. வந்த விசயத்தைச் சொல்லிவிட்டுப் படிவத்தை விரித்தேன். பெயர், வயது, எத்தனை தரம் இடம்பெயர்ந்தது, இறந்தவர்கள், காணாமற்போனவர்கள். அந்த அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையோடு வந்தார். பை நிறைய போட்டோப்பிரதிகள். செஞ்சிலுவைக் குழுவுக்குக் கொடுத்தது, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது, பிறகு வந்த காணாமற்போனோர் அலுவலகத்துக்குக் கொடுத்தது.

"தம்பிக்கு இதில எது வேணும்? பார்த்து எழுதுங்கோ. எனக்குத் திரும்பச் சொல்ல ஏலாது."

யுத்தம் முடிந்தபோது இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களில் தொடங்கி மீள்குடியேற்றம் வரை இந்தச் சனத்திடம் கேள்வி கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்களில் திரும்பி வந்தவர்கள்தான் குறைவு. ஆகவே முதல் தரம் போகும்போது படிவத்தைப் பையை விட்டு வெளியே எடுக்க வேண்டாம். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள், ஆட்டைப் பற்றியோ கிணற்றைப் பற்றியோ கதையுங்கள், அடுத்து எந்தக் கிழமை வருவீர்கள் என்று சொல்லுங்கள், சொன்ன நாளில் போங்கள். கொழும்பில் இருக்கும் நிதி தருபவருக்கு முதல் மாதமே எண்ணிக்கை வேண்டும் என்பது உண்மைதான். அதை அலுவலகத்தில் இருந்து வாதாடித் தீர்க்க வேண்டும், அந்த அம்மாவின் முற்றத்தில் வைத்து அல்ல.

அடுத்தது பதாகை. 'மனநல விழிப்புணர்வு முகாம்' என்று பொதுநோக்கு மண்டபத்தில் பெரிதாகக் கட்டிவிட்டால், உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் ஊர் 'விசர்' என்ற சொல்லோடு சேர்த்துத்தான் பார்க்கும். எங்கள் ஊர்களில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று வருவதில்லை. "ஒரே யோசினை", "நெஞ்சு படபடக்குது", "தலையிடி போகுதில்லை", "உடம்பெல்லாம் எரியுது" என்றுதான் வருவார்கள். யோசினை என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே நித்திரையின்மை, கவலை, சாப்பாடு பிடிக்காமை எல்லாம் அடங்கிவிடும். "இரவில கன நேரம் யோசிக்கிறனீங்களோ?" என்று கேட்டுப் பாருங்கள், பத்து நிமிடம் கதைப்பார்கள். அதே ஆளிடம் "மன அழுத்தம் இருக்கிறதா?" என்றால் "இல்லை" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். வாகனமும் அப்படித்தான். நிறுவனத்தின் பெயர் எழுதிய வாகனத்தை ஒரு வீட்டுப் படலைக்கு முன்னால் நிறுத்தினால், பின்னேரத்துக்குள் அயல் முழுக்கத் தெரிந்துவிடும். சந்தியிலே விட்டுவிட்டு நடந்து போகலாம்.

நாள் குறிப்பதில் விடும் பிழை சின்னதாகத் தெரியும். காலபோக நெல் அறுவடை நேரம் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்து, ஆண்கள் யாரும் வரவில்லை என்று அறிக்கை எழுதியவர்களை எனக்குத் தெரியும். கிழமைக் கடன் கட்டும் நாளில் வைத்தால் பெண்களும் வரமாட்டார்கள், வந்தாலும் மனம் அங்கே இராது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவியிடம் ஒரு அழைப்பு எடுத்தால் தீரும் காரியம்.

இனி, நான் பார்த்ததில் மிக மோசமான பிழை. இருபது முப்பது பேரை வட்டமாக இருத்தி, "உங்கள் மனதில் உள்ளதைக் கொட்டுங்கள்" என்பது. ஒருவர் முள்ளிவாய்க்காலைச் சொல்லத் தொடங்குவார். அடுத்தவர் பதுங்குகுழியைச் சொல்லுவார். அரை மணித்தியாலத்தில் மண்டபமே அழும். அமர்வை நடத்தும் வளவாளருக்கு மனம் நிறைந்துவிடும், 'நல்ல பங்கேற்பு' என்று குறித்துக்கொள்வார். மூன்று மணிக்கு வாகனம் வெளிக்கிட்டுவிடும். அன்றிரவு திறந்த புண்ணோடு படுக்கிறவரை யார் பார்ப்பது? ஆழிப்பேரலைக்குப் பிறகே இந்தப் பாணி இங்கே நிறைய வந்தது. பேரிழப்பு நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. 2011இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது பார், கேள், இணை என்ற மூன்றைத்தான். 'கேள்' என்றால் அவர் சொல்வதைக் கேட்பது. தோண்டித் தோண்டிக் கேள்வி கேட்பது அல்ல. வருடங்கள் கழிந்தாலும் இதே நிதானம் வேண்டும். ஒருவர் தானாகச் சொன்னால் இருந்து கேளுங்கள். சொல்லாவிட்டால் அது அவர் உரிமை.

அந்த மூன்றில் 'இணை' என்பதுதான் எல்லோரும் சொதப்பும் இடம். "கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்று சொல்வதை இணைப்பு என்று கணக்குக் காட்டுகிறோம். உட்கிராமத்தில் இருக்கும் பெண்ணுக்கு அது ஒரு முழு நாள். காலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், போகவரக் காசு வேண்டும், மாட்டை ஆராவது பார்க்க வேண்டும், பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்தால் சாப்பாடு கொடுக்க ஆள் வேண்டும். போனால் எந்தக் கதவைத் தட்டுவது என்றும் தெரியாது. சரி, என்ன செய்யலாம்? மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் கிளினிக் எந்த நாள் என்று கேட்டு வையுங்கள். அந்தப் பக்கத்து வைத்தியசாலைக்கு வெளிக்கள கிளினிக் வருகிறதா என்றும் விசாரியுங்கள். முதல் தரம் கூடவே போங்கள். இரண்டாம் தரத்துக்கு முதல் நாள் ஒரு அழைப்பு எடுங்கள். கிளினிக் கொப்பியைத் திறந்து, மருந்து எவ்வளவு நாளைக்கு இருக்கிறது என்று பாருங்கள். "சுகமாயிட்டுது, நிப்பாட்டிப்போட்டன்" என்பதைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். மருந்தை டொக்டரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். இரவில் ஆராவது உயிரை விடப் போகிறேன் என்று நின்றால் தனியே விடாமல் பக்கத்தில் இருக்க வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம் என்பதை வீட்டுக்காரருக்கும் சொல்லி, கலண்டரில் எழுதிவிட்டு வாருங்கள். தற்கொலைக்கு முயன்றால் பொலிஸ் வழக்கு வரும் என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப் பிந்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது குற்றம் என்ற சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

எல்லாவற்றையும் யுத்தத்தின் தலையில் போடுவதும் பிழைதான். ஒரு வீட்டில் நான் காணாமற்போன மகனைப் பற்றி மெல்ல மெல்லக் கேட்டுக்கொண்டிருக்க, அந்தப் பெண் படலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடன் அறவிட வருகிறவர் வரும் நேரமாம். பெண்கள் நுண்நிதி நிறுவனங்கள் கொடுக்கும் சிறு கடனில் எவ்வளவு ஆழம் போயிருந்தார்கள் என்பதற்கு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் அந்தக் கடன்களை ஓரளவுக்குத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசே அறிவிக்க வேண்டி வந்ததே சாட்சி. கசிப்புக் குடி, பிள்ளைகள் வெளிநாடு போய்த் தனித்த முதியவர்கள், காணிப் பிணக்கு, இவையும் யோசினைக்குள்தான் இருக்கின்றன. உளவளத்துணையாளர் கடனைக் கட்ட முடியாது. ஆனால் பிரதேச செயலகத்தில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கலாம்.

பொருள் கொடுத்துப் படம் எடுக்கும் ஆசை பற்றியும் ஒன்று. பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கப் பெட்டி கொடுத்தால் தற்கொலை முயற்சி குறையும் என்று பலர் நம்பினார்கள். பக்கத்து அநுராதபுரத்தில் 180 கிராமங்களில் அதைப் பரிசோதித்தார்கள். பெட்டி கொடுத்த ஊர்களுக்கும் கொடாத ஊர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று 2017இல் முடிவு வந்தது. நாட்டில் தற்கொலை எண்ணிக்கையைக் குறைத்தது கடும் நஞ்சான பூச்சிமருந்துகளைத் தடைசெய்ததுதான். அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது, பாவம்.

கோயிலோடு மல்லுக்கட்ட வேண்டாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நேர்ந்து வைத்தவரிடம் போய் அது மூடநம்பிக்கை என்றால் அத்தோடு உங்கள் கதை முடிந்தது. நூலும் கட்டட்டும், குளிசையும் போடட்டும். நோயாளியைக் கட்டிப்போடுகிறார்கள், அடிக்கிறார்கள் என்றால் மட்டும் பேசாமல் இருக்கக் கூடாது.

இரகசியம் பற்றிப் பயிற்சிகளில் நிறையச் சொல்லுவார்கள். ஆனால் சின்ன ஊரில் பெயரை மறைத்தால் போதாது. 'மூன்று பிள்ளைகளின் தாய், கடைக்குப் பக்கத்து வீடு' என்று அறிக்கையில் எழுதினால் ஊருக்கே ஆளைத் தெரியும். முகத்தை மங்கலாக்கி முகநூலில் போட்டாலும் சேலையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

திட்டம் முடியும் திகதியை முதல் மாதமே சொல்லிவிடுங்கள். நாங்கள் அதையும் பிந்தித்தான் சொன்னோம். முடியும் மாதம், அந்தப் பொலித்தீன் பை அம்மாவின் வீட்டுக்குப் பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஒரு பெண், பக்கத்து ஊர்க்காரி. மூன்று பேரும் தேத்தண்ணி குடித்தோம். அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிள்ளை, நீங்களும் படிவம் கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டார். அவர் கைப்பையைத் திறந்து காட்டினார். ஒரு குடையும் தண்ணீர்ப் போத்தலும்தான் இருந்தன.