மூச்சை எண்ணித் தியானம் செய்வது எப்படி?

முழங்கால் வலித்தால் மனம் அங்கேதான் போகும். அதனால் முதலில் உட்காருவதைச் சரிசெய்யுங்கள். போர்வையை மடித்துப் பிட்டத்துக்கு அடியில் மட்டும் வையுங்கள். இடுப்பு முழங்காலைவிட நாலு விரல் உயர்ந்தால் முதுகு தானாக நிமிரும். சம்மணம் முடியாதவர்களுக்கு நாற்காலி போதும். சாயாமல், பாதம் தரையில் படிய உட்காருங்கள். பத்மாசனமெல்லாம் கட்டாயமில்லை.

கைப்பேசியில் 10 நிமிடத்துக்கு அலாரம் வைத்து, கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

வாயை மூடி, மூக்கால் மூச்சு விடுங்கள். மூக்கு நுனியில் காற்று உரசும் இடத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு வெளிமூச்சின் முடிவிலும் ஓர் எண். பத்து வந்ததும் மறுபடி ஒன்று. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் இருந்து எழுதிய பௌத்தத் துறவி புத்தகோசர், 5க்கு முன் நிறுத்தவும் வேண்டாம், 10ஐத் தாண்டவும் வேண்டாம் என்கிறார். குறைந்தால் மனம் இடம் போதாமல் துள்ளும்; கூடினால் மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

எண்ணிக்கை பதினாலு, பதினைந்து என்று ஓடியிருந்தால் கவனம் எங்கோ போயிருக்கிறது. விட்ட இடத்தைத் தேடாமல் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். இருபது தடவை இப்படி நேர்ந்தாலும் பயிற்சி கெட்டுவிடாது. அமைதி வந்துவிட்டதா என்று நடுவில் சோதித்துப் பார்ப்பதும் ஒரு சிந்தனைதான். அதையும் விட்டுவிட்டு எண்ணுக்கு வாருங்கள்.

எண்ணுக்கு ஏற்ப மூச்சை வேண்டுமென்றே இழுத்து விட்டால் தலை கிறுகிறுக்கும், விரல் மரத்துப்போகும். எண்ணுவதை நிறுத்தி, இயல்பாக மூச்சு விட்டால் சரியாகும். தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து, நாலடி தள்ளித் தரையைப் பாருங்கள். பழைய துயரமோ பதற்றமோ பொங்கி வந்தால் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள், எழுந்து நடங்கள்.